முதல் தடவையே பற்ற வேண்டும்

இனிமேல் இந்தக் கையால் ஒரு தீக்குச்சியைக்கூட உரசமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். சமையலறை வாசலில் நின்று, மனைவிக்கு எதிரில், வலது கையை உயர்த்தி எடுத்தேன். சபதத்துக்குச் சாட்சி இருந்தால் கம்பீரமாக இருக்குமே என்ற எண்ணம். சாட்சியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். நான் பைப் பிடிப்பவன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பைப், வேலை விட்டு வந்த பிறகு. சிகரெட்காரர்களுக்கு என் கஷ்டம் புரியாது. சிகரெட்டை ஒரு தடவை பற்றவைத்தால் அது பாட்டுக்கு எரியும். பைப் அப்படியா? பற்றவைத்ததும் புகையிலை கோபித்துக்கொண்டு மேலே எழும்பும். அதை அமுக்கி, சமாதானப்படுத்தி, மறுபடி பற்றவைக்க வேண்டும். நடுவில் யாராவது ஏதாவது கேட்டு, பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் அணைந்திருக்கும். எங்கள் வீட்டில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. மனைவி கணக்கு டீச்சர்.

இதெல்லாம் நடப்பது பால்கனியில். வீட்டுக்குள் புகை கூடாது என்பது சட்டம். பால்கனியில் ஒரு பக்கம் காயப்போட்ட ஈரப் போர்வை, மறு பக்கம் காற்று. நடுவில் நான் குனிந்து, கையைக் குவித்து, பைப்போடு ரகசியம் பேசுகிறவன் மாதிரி நிற்பேன். குச்சி அணையும். அடுத்த குச்சி. அதுவும் அணையும். பைப் முடிவதற்குள் தீப்பெட்டி பாதி காலி.

ஹாலில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. மெத்தை போட்டது, கை வைத்தது, உட்கார்ந்தால் முதுகு நன்றி சொல்லும். அதில் சாய்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நிம்மதியாக ஒரு பைப் பிடிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

சபதத்தன்று சண்டை தீப்பெட்டியில் ஆரம்பித்தது.

"என்னங்க, தீப்பெட்டி எங்க?"

"அங்கதான் இருக்கு, நல்லாப் பாரு."

"பெட்டி இருக்கு. குச்சி எங்க?"

அவள் கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பிக் காட்டினாள். டிக், டிக் என்றது. நெருப்பு வரவில்லை.

"இது சத்தம் மட்டும்தான் போடுது. சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு எத்தனை மாசமா சொல்றேன்?"

"பார்க்கலாம்மா."

"இருந்த குச்சியையும் நீங்க காத்துக்குக் கொடுத்துட்டு வந்துட்டீங்க. நான் எதை வெச்சுப் பத்தவைக்கறது? என் வயித்தெரிச்சலை வெச்சா?"

அப்போதுதான் கையை உயர்த்தினேன். "இனிமே நான் தீக்குச்சியைத் தொட்டா ஏன்னு கேளு. பைப்புக்குன்னு தனியா ஒரு லைட்டர் வாங்கறேன்." சூட்டோடு சூடாக மனுவையும் போட்டேன். "குச்சி இல்லை, சாம்பல் இல்லை, குப்பை இல்லை. அப்படின்னா ஹால் நாற்காலியில உட்கார்ந்து பிடிக்கலாமா?"

அவள் மேலே பார்த்தாள். பெரிய கணக்கை மனசுக்குள் போடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"பிடிங்க" என்றாள்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷப் போராட்டம், ஒரே வார்த்தையில் வெற்றி!

"ஆனா லைட்டரை நான் சோதிச்சுப் பார்ப்பேன். பாஸானாதான் நாற்காலி."

"தாராளமா."

"முதல் தடவையே பத்தணும். சும்மா சும்மா அழுத்திக்கிட்டு இருக்கக் கூடாது."

"நியாயம்."

"நெருப்பு நேரா மேல போகக் கூடாது. பக்கவாட்டுல சாயணும். இல்லேன்னா விரலைச் சுட்டுரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பைப் லைட்டரின் உயிர்நாடியே அதுதான்! பைப்பைக் கையால் தொட்டதில்லை, பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

"ஜன்னல் திறந்திருந்தாலும் அணையக் கூடாது. புஸ்ஸுன்னு சீறக் கூடாது, கருகிடும். பெட்ரோல் வாசனை வரவே கூடாது. சாப்பாட்டுல..." என்று ஆரம்பித்தவள், "சாப்பிட்டப்புறம் வாய் நாறும்" என்று முடித்தாள்.

"ஆகா!" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"ஈரக் கையில அழுத்தினாலும் பத்தணும்."

"ஈரக் கை எதுக்கு?"

"மழையில நனைஞ்சு வரமாட்டீங்களா?"

என்மேல் இவ்வளவு அக்கறையா! புறப்படும்போது இன்னொன்றும் சொன்னாள். "நீங்க குடைக் கம்பெனியில பரிசோதகர். உங்க கட்டைவிரலை ஏமாத்த ஒரு பொத்தானால முடியாது. நீங்க தேர்ந்தெடுத்தா சரியாத்தான் இருக்கும்."

அது நிஜம். எங்கள் கம்பெனியில் பொத்தானை அழுத்தினால் குடை விரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அழுத்துவேன். விரியப்போகிற குடையையும் மக்கர் பண்ணப்போகிற குடையையும் தொட்டவுடனே என் கட்டைவிரல் சொல்லிவிடும். ஆனால் இந்தத் திறமையை வீட்டில் யாரும் இதுவரை பாராட்டியதில்லை. மிதந்துகொண்டே கடைக்குப் போனேன்.

லைட்டர் கடைக்காரர் முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தார். நான் ஒவ்வொன்றையும் எடுத்து அழுத்த ஆரம்பித்ததும் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"சார், இது தங்க முலாம் போட்டது. பெரிய பெரிய மனுஷங்க வாங்குவாங்க."

"மூணு தடவைக்கு ஒரு தடவைதான் பத்துது."

"பெரிய மனுஷங்க அவசரப்பட மாட்டாங்க சார்."

ஒரு பெட்ரோல் லைட்டரை வாங்கிப் பார்த்தேன். புயலடித்தாலும் அணையாது. ஆனால் புகையிலை பெட்ரோல் பங்க் வாசனை அடித்தது. சீறுகிற ஜாதி ஒன்று வாங்கினேன். அது சீறிய சீற்றத்தில் பைப்பின் விளிம்பு கருகிப்போனது. கருகிடும் என்று அவள் சொன்னாளே! வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக நான் நடையாய் நடந்ததில், கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே போய்விடுவார்.

கடைசியில் அவரே ஒரு சின்னப் பெட்டியை என் முன்னால் தள்ளினார். "இதுக்கும் குறை சொன்னீங்கன்னா, நான் கடையை மூடிட்டு வேற தொழில் பார்க்கறேன்."

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மங்கலான சாம்பல் நிறம். கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாகப் பொத்தானில் போய் உட்கார்ந்தது. அழுத்தினேன். சத்தமே இல்லாமல் ஒரு மஞ்சள் நெருப்பு வெளியே வந்து, பக்கவாட்டில் அப்படியே சாய்ந்து நின்றது, மரியாதையாகக் குனிகிற மாதிரி. துடிக்கவில்லை, தாவவில்லை. நான் விடும்வரை எனக்காகக் காத்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் குடைகளை அழுத்தியவன் நான். இப்படி ஒரு பொத்தானைக் கண்டதில்லை.

கம்பெனியில் குடைகளைச் சோதிக்க ஒரு ராட்சச மின்விசிறி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டு எதிரில் நின்றேன். பற்றியது. குடைகளை நனைக்கிற குழாயில் கையை நனைத்துவிட்டு அழுத்தினேன். பற்றியது. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் டிபன் பாக்ஸோடு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பரீட்சை. மனைவி குழாயில் கையை நனைத்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். லைட்டரை வாங்கி அழுத்தினாள். நெருப்பு வந்து சாய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வந்து சாய்ந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நூத்துக்கு நூறு" என்றாள். அவள் யாருக்கும் நூறு போட்டதாகச் சரித்திரமே இல்லை.

அன்று நாற்காலியில் சாய்ந்து ஒரு பைப் பிடித்தேன் பாருங்கள். அணைந்தால் கவலையில்லை. அழுத்து, வந்து சாயும். ராஜா மாதிரி இருந்தேன்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து பைப்பை நிரப்பிவிட்டுக் கையை நீட்டினேன். லைட்டரைக் காணோம். தேடினேன். சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது. கழுத்தில் கயிறு வேறு.

"இது எப்படி இங்க வந்தது?"

"ஹால்ல வெச்சா நீங்க தொலைச்சிடுவீங்க. இங்க பத்திரமா இருக்கும். உங்களுக்கு வேணும்னா வந்து பத்தவெச்சுக்கோங்க. யார் வேண்டாம்னா?" சொல்லிக்கொண்டே ஈரக் கையால் அதை அழுத்தி, திறந்த ஜன்னலுக்குக் கீழே, அடுப்பில் காட்டினாள். நெருப்பு அழகாகப் பக்கவாட்டில் சாய்ந்து, விரலைச் சுடாமல், பாத்திரத்துக்கு அடியில் நுழைந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஈரக் கை. ஜன்னல். சாய்கிற நெருப்பு. சாப்பாட்டுல... வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடேயப்பா என்றுதான் வந்தது.

"அப்ப தீப்பெட்டியையாவது கொடு."

"ஐயையோ, சபதம் என்னாகறது? நான்தானே சாட்சி?"

போனால் போகிறது, பக்கத்தில்தானே சமையலறை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பைப் அணையும்போதெல்லாம் எழுந்து போனேன்.

"வந்தது வந்தீங்க, அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் நறுக்கிடுங்க."

நறுக்கி முடிப்பதற்குள் பைப் அணைந்திருக்கும். பற்றவைப்பேன்.

"அப்படியே அந்தப் பாலைப் பாத்துக்கோங்க. பொங்கிடும்."

பாலைப் பார்த்தால் பைப் அணையும். பைப்பைப் பார்த்தால் பால் பொங்கும். இப்படியே பூண்டு உரித்தேன், கிளறினேன், உப்புப் பார்த்தேன். வாரக்கணக்கில் போயிற்று. ஒரு நாள் எதையோ கிளறிக்கொண்டிருக்கும்போது எனக்கு மின்னல் மாதிரி ஒரு யோசனை. அடுப்பைச் சரி பண்ணிவிட்டால் இவளுக்கு லைட்டர் எதற்கு? லைட்டர் என்னுடையது! நாற்காலி என்னுடையது!

ஞாயிற்றுக்கிழமை, அவள் வெளியே போன சமயம் பார்த்து, அடுப்பைக் கவிழ்த்தேன். பொறி வருகிற இடத்தில் பிசுக்கு. தேய்த்துத் துடைத்தேன். பேட்டரியை மாற்றினேன். என் கட்டைவிரல் கற்ற வித்தையெல்லாம் காட்டிக் குமிழைத் திருப்பினேன். டிக் என்ற ஒரே சத்தம். பக்கென்று பிடித்தது.

அவள் வந்ததும் பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். "இனிமே உனக்கு லைட்டர் வேண்டாம்தானே?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆணியிலிருந்து லைட்டரைக் கழற்றி, கயிற்றை அவிழ்த்து, என் சட்டைப் பையில் போட்டாள்.

"வேண்டாங்க. இதைத்தானே எத்தனை மாசமா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அது என் நாற்காலி. பேச்சு அப்படித்தானே?"

"பைப் பிடிக்கத்தானே பேச்சு? எங்க பைப்?"

தேடினேன். கரண்டிகளோடு கரண்டியாகச் செருகியிருந்தது. கடைசியாக எப்போது அதில் புகையிலை நிரப்பினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. பைப்புக்குள்ளே ஒரு பூண்டுத் தோல் இருந்தது.

"நிறைய பேப்பர் திருத்தணும். வெங்காயத்தை நறுக்கி வதக்கிடுங்க. உங்களுக்குத்தான் கை நல்லாப் பழகிடுச்சே." சிவப்புப் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "என்னங்க, அடுப்பு பத்திக்கிச்சா?"

"முதல் தடவையே பத்திக்கிச்சும்மா" என்றேன்.