ஆறு ரவுண்டு அண்ணாச்சிக்கு நான் தைத்த பைகள்

திருச்சுழி தாலுகாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். ஆனால் கையில் துப்பாக்கி இருந்தும், திருடனை விட்டுவிட்டுத் தையல்காரனைக் கதிகலங்க அடித்த ஒரே மனிதர் எங்கள் ஆறு ரவுண்டு அண்ணாச்சிதான். அந்தத் தையல்காரன் நான். எழுத்தெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்ட வியாதி. பிழைப்பு எனக்குத் தையல்தான், திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே.

அவருடைய ரிவால்வரில் ஆறு குண்டு போடலாம். யார் எதைப் பேசினாலும், மழை பேசினாலும் மாட்டு வைத்தியம் பேசினாலும், "நமக்கென்னய்யா, ஆறு ரவுண்டு இருக்கு" என்றுதான் முடிப்பார். சாராய வாசனைகூட ஆகாத மனிதர். பந்தல்குடியில் ஒரு கல்யாணத்தில் இதைக் காதில் வாங்கிய மாப்பிள்ளையின் தகப்பனார், "அந்தப் பெரியவரு ஆறு ரவுண்டு போட்டுட்டு வந்திருக்காரு, கொஞ்சம் ஓரமா உக்கார வைங்கப்பா" என்று பந்தியில் கடைசி மூலையில் தனி இலை போட்டுவிட்டார். அண்ணாச்சி அதைத் தனக்குச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, பாயசம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் ஏன் துப்பாக்கி வாங்கினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது சிரிக்கிற விஷயமில்லை. நரிக்குடிப் பக்கம், ஊரைவிட்டுத் தள்ளி, காட்டுக்குள் அவர் வீடு. சுற்றிலும் கருவேலம். பிள்ளைகள் இரண்டும் திருப்பூரில். வீட்டில் அவரும் மதினியும் மட்டும்தான். அவர் அருப்புக்கோட்டைக்கு ஆடு விற்கப் போயிருந்த ஒரு பட்டப்பகலில், தண்ணீர் கேட்டு வந்த இரண்டு பேர் மதினியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு, அவரை நிலைக்கதவில் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள். சங்கிலி போனது போகட்டும், மதினிக்கு இடது காது கேட்காமலே போய்விட்டது. அன்றைக்கு அண்ணாச்சி ஒரு சபதம் எடுத்தார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இரண்டு ஜோடி செருப்புத் தேய்ந்து, லைசென்ஸ் வாங்கி, ரிவால்வரோடு வந்து நின்றார். நின்ற இடம் என் கடை.

"தம்பி, இதுக்கு ஒரு பை தைக்கணும்" என்று வெட்டு மேசையில், ஒரு டீச்சரம்மாவின் ஜாக்கெட் துணி மேல் அதை வைத்தார்.

"அண்ணாச்சி, இத மொதல்ல எடுங்க."

"குண்டு போடல தம்பி. சும்மா அளவெடு."

"அளவெடுக்கயில வெடிச்சா?"

"குண்டு இல்லாம எப்பிடிய்யா வெடிக்கும்?"

"எனக்கு வெடிக்கும் அண்ணாச்சி. என் நேரம் அப்பிடி."

கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டேன், அசல் துப்பாக்கி வந்தால் டேப்பைத் தொட மாட்டேன் என்று. மறுவாரம் கருவேலங்கட்டையில் அதே அளவுக்கு ஒன்று செதுக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். சும்மா சொல்லக் கூடாது, அச்சு அசல். இதில் ஆரம்பித்தது என் ஏழரை.

ஒரு பை தைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சியின் கணக்கோ வேறு. போகிற இடத்துக்குத் தக்கபடி துப்பாக்கி இருக்கிற இடமும் மாற வேண்டுமாம். பஸ்ஸுக்கு முன்னிடுப்பில், பின்னால் வைத்தால் கூட்டத்தில் எவனாவது உருவிவிடுவான். அதனால் வேட்டிக்குள் போடும் டிராயரில் முன்பக்கம் ஒரு பை. அதோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு அம்மா பதறி எழுந்து, "உக்காருங்கய்யா, அவசரம்னா டிரைவர நிப்பாட்டச் சொல்லவா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையாட்ட, அந்த அம்மா விடாமல் கண்டக்டரைக் கூப்பிட, ஓமப்பொட்டலம் ஒன்று பின்சீட்டிலிருந்து கைமாறி வந்திருக்கிறது.

கல்யாண வீட்டுக்கு இடது கக்கத்தில், சட்டைக்கு உள்ளே. அதற்கு ஒரு வார் வைத்துத் தைத்தேன். எதிரில் வந்த சம்பந்தி ஆசையாகக் கட்டிப் பிடித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, நெஞ்செலும்பு இம்புட்டுப் பெருசா வளந்திருக்கு, டாக்டரப் பாருங்க" என்றாராம். கோயிலுக்கோ தோல் உறை ஆகாது என்று கதர்த்துணியில் ஒன்று. "சாமி கும்பிடப் போறப்பவும் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "சாமிக்குப் பூட்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்கான். எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது துட்டி வீடு. மயானத்துக்குப் போய் வந்தால் கண்மாயில் குளிக்க வேண்டும். சட்டையைக் கழற்ற வேண்டும். துப்பாக்கியைக் கரையில் வைக்க மனசு வராது, நனைக்கவும் கூடாது. அண்ணாச்சி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, மஞ்சப்பையை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முங்கினார். தலை உள்ளே போனது, கை மட்டும் வெளியே நின்றது. கரையிலிருந்த ஒருவர், "ஏலே, மாமாவ தூக்குங்கலே, கைய ஆட்டுறாக!" என்று கத்த, நாலு பேர் குதித்து அவரை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அந்த வாரமே என்னிடம் வந்து, தண்ணீர் இறங்காத ரெக்சினில் ஒன்று தைக்க முடியுமா என்று கேட்டார்.

குண்டு விஷயம் தனிப் புராணம். மெத்துக் குண்டு, கெட்டிக் குண்டு என்று இரண்டு வகை என்பார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுப்பார். "வீட்டுக்குள்ள கெட்டிக் குண்டு கூடாது தம்பி. திருடனையும் தாண்டி, தட்டியையும் தாண்டி, தொழுவத்துல நிக்கிற பசுவப் போய் அடிச்சுப்புடும். அங்கன மெத்துக் குண்டுதான். பட்ட எடத்துல நின்னுரும். வெளிய, காட்டுல, கெட்டிக் குண்டு." ஆகவே வீட்டுக்குள் நுழையும்போது ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவார். வெளியே வந்தால் திரும்பவும் மாற்றுவார். வாசலில் காயப்போட்ட மிளகாய் வத்தலைப் பார்க்கப் போகவும் இதே கூத்து. மதினி ஒருநாள் கேட்டார்: "ஏங்க, திருடன் வீட்டுக்குள்ள இருந்து வாசலுக்கு ஓடுனா, செத்த நில்லுப்பா, குண்டு மாத்திட்டு வாரேன்னு சொல்லுவீகளா?"

அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் மூன்று மெத்து, மூன்று கெட்டி என்று கலந்து போட்டுக்கொண்டார். எது முதலில் வரும் என்பதில் அவருக்குக் கடைசிவரை குழப்பம்தான். சுட்டதென்னவோ ஒன்றுகூடக் கிடையாது.

தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். முதல் தடவை அண்ணாச்சி சந்தைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்குப் போனார். இடுப்பிலிருந்து உருவி மேசை மேல் வைத்தார். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அதைத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, வெறகா?"

நான் அளவெடுக்க அவர் செதுக்கிக் கொண்டுவந்த அதே கட்டை! அன்றைக்குக் காலையிலிருந்து அதை நம்பித்தான் மனிதர் நடந்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்துப் போய் மதினிக்குப் போன் போட்டார். காது கேட்காமல் போனதிலிருந்து மதினிக்குத் தன் குரலே தனக்குச் சரியாக எட்டுவதில்லை, எதைச் சொன்னாலும் உச்சத்தில்தான். "அரிசிக் குலுக்கைக்குள்ள கெடக்குங்க, நீங்கதான காலையில ஒளிச்சு வச்சீக!" என்றது ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. ரைட்டர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் வீட்டுக்குப் போய் அசலை எடுத்து வந்து ஒப்படைத்தார். போன தேர்தலுக்கு முதலிலேயே ஒழுங்காக அசலையே ஒப்படைத்தார். அதிலிருந்து அண்ணாச்சிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் ஒன்றும் இல்லாத நாளில் மதினியை வீட்டில் விட்டு வர அவருக்குத் துணிவில்லை. ஆட்டை விற்கப் போனாலும் மதினி, உரம் வாங்கப் போனாலும் மதினி, மொபெட்டின் பின்னால். ஒரு மத்தியானம் இருவரும் என் கடைக்கு வந்தார்கள். மதினியை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி டீ வாங்க எதிரே போனார். மதினியின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. தலையில் பூ வேறு.

"என்ன மதினி, ரொம்பச் சந்தோசமா இருக்கீக?"

மதினி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். ரகசியம் சொல்கிறாராம். "தம்பி, அவுககிட்ட சொல்லிராதீக" என்று ஆரம்பித்த குரல், பஸ் ஸ்டாண்டில் நின்ற நரிக்குடி பஸ்ஸின் டிரைவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"மதினி, மெதுவா..."

"மெதுவாத்தான் சொல்றேன் தம்பி. எலக்சன் வந்தாத்தான் எனக்குத் தீவாளி. துப்பாக்கி டேசன்ல இருந்தா அவுக எங்கூட இருக்காக. அது கைக்கு வந்துருச்சுன்னா தைரியமா ஊர் சுத்தக் கெளம்பிருவாக. அது அவுக இடுப்புலதான தம்பி இருக்கு? நான் வீட்ல ஒத்தையிலதான கெடக்கேன். தண்ணி கேட்டு ஒரு வழிப்போக்கன் வந்தாலும் உசுரு தொண்டைக்கு வந்துருது. அவுக எனக்காகத்தான் வாங்குனாக, பாவம். அதான் வாயத் தொறக்கல."

அண்ணாச்சி கையில் இரண்டு டீயோடு ரோட்டுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒரு லோடு வண்டி ஹாரன் அடித்து, அடித்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு வந்து, மதினியிடம் டீயைக் கொடுத்துவிட்டு, "சீனி பத்தலன்னா சொல்லு" என்றார். "ஆறு ரவுண்டு இருக்கு" என்று முடிக்காமல் அவரை நான் பார்த்த முதல் நாள் அதுதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, காஜா எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஓட்டு எண்ணி முடிந்தது. ஜெயித்தவர்கள் வெடி போட்டு, தோற்றவர்கள் காரணம் சொல்லி ஓய்ந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணாச்சிக்குப் போன் வந்தது. போகவில்லை. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவதுக்குப் போனவர், துப்பாக்கியும் வேண்டாம் லைசென்ஸும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே என் கடைக்கு மொபெட்டை விட்டார். பின்னால் மதினி.

"அவசரப்பட்டுட்டீகளே அண்ணாச்சி" என்றேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. "சங்கிலி அறுத்த பயலுக இன்னமும் அகப்படல. திரும்பி வந்தா என்ன செய்வீக?"

"வரட்டும். நான் வீட்ல இருப்பேன்ல."

"சந்தைக்குப் போகணும்னா?"

"அவளும் வருவா." கொஞ்சம் தயங்கினார். "அதுக்குத்தான் தம்பி வந்தேன். பின்சீட்டு வெறுங்கம்பி மாதிரி கெடக்கு, அவளுக்கு இடுப்பு பிடிச்சுக்கிருது. நல்ல பஞ்சு வச்சு ஒரு மெத்தை தச்சுக் குடு. தூரந்தொலை போகணும்."

டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதினியை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். நான் நீளம் பார்த்து, அகலம் பார்த்து, குறித்துக்கொண்டு எழுகிற வரைக்கும் அண்ணாச்சி இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காது கேட்கிற பக்கமாகக் குனிந்து, "பயப்படாத, நான் புடிச்சிருக்கேன், நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதினியும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.