சம்மதம் சொன்ன ஏப்பம்

கூச்சக்காரிக்கு வியாதி வந்தால், வெளியே சொல்ல முடிகிற வியாதியாக வர வேண்டும். காய்ச்சல், முட்டிவலி, இந்த மாதிரி. எனக்கு வந்தது ஏப்பம்.

மரக்காணத்தில் உப்பு வாரியே காலத்தை ஓட்டியவள் நான். அஞ்சாம் கிளாஸோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் எதிரில் பேச வராது. கொஞ்ச வருஷமாக, ரெண்டு வாய் சோறு உள்ளே போனாலே வயிறு பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். கறி தின்றால் சாயங்காலம் வரை கல்லாக உட்கார்ந்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், "அசிடிட்டி ஆயா" என்று ஒரே மாத்திரையைக் கொடுப்பார்கள். அதை வருஷக்கணக்காக முழுங்கினேன். (டாக்டரிடம் போயிருக்கலாமே என்கிறீர்களா? போய், 'ஏப்பம்' என்று எப்படி வாயைத் திறப்பது!)

போன வருஷம் என் மகன் முருகனுக்கு நிச்சயம் வைத்தோம். பொண்ணு வீடு பொம்மையார்பாளையம். உப்பளத்து மாப்பிள்ளை என்றதுமே பின்வாங்கிய வீடுகளுக்குப் பிறகு அமைந்த இடம். அவன் அப்பா உயிரோடு இல்லை. சபையில் நான்தான் உட்கார வேண்டும், சம்பந்தி வீட்டு விருந்தை ஏப்பமில்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அதற்குள் இந்த வயிற்றை ஒரு வழி பண்ணியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

என் மகள் செல்விக்குக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலை. அங்கே தங்கிய வெள்ளைக்காரம்மா ஏதோ சொன்னாளாம்.

"யம்மா, உனக்கு ஆசிட் அதிகமா இருக்காது. கம்மியாக்கூட இருக்கலாமாம்."

"அடியே, பாத்ரூம் கழுவுறதா? அது என் வயித்துக்கு எதுக்குடி?"

"எல்லார் வயித்துலயும் ஒரு ஆசிட் இருக்குதும்மா. அதுதான் சோத்தக் கரைக்குது."

கண்டுபிடிக்க வழியும் சொன்னாள். வெறும் வயிற்றில், தண்ணீரில் கால் ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து குடிக்க வேண்டும். சீக்கிரம் ஏப்பம் வந்தால் ஆசிட் இருக்கிறது, வராவிட்டால் கம்மி.

நிச்சயத்தன்று காலையில்தான் அதற்குத் தைரியம் வந்தது. ஸ்பூன் எதற்கு? உப்பளத்துக்காரிக்கு எல்லாம் கைத்திட்டம்தான். (உப்பு வாரிய கைக்குச் சிட்டிகை என்றாலே ஒரு கரண்டி என்பது அப்போது உறைக்கவில்லை.) குடித்துவிட்டுக் காத்திருந்தேன். தினமும் கூப்பிடாமல் வருகிற சனியன், கூப்பிட்டால் வரவில்லை. வேனில் ஏறும் முன் சந்தேகத்துக்கு இன்னொரு டம்ளர் குடித்தேன்.

பந்தல் நிறைய ஜனம். ஊர்ப் பெரியவர் ஒருவர் நிச்சயப் பத்திரிகையைப் படித்து முடித்தார். தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "மாப்பிள்ளயோட அம்மா வாயால சொல்லட்டும். சம்மதந்தானம்மா?" என்றார். வாயைத் திறந்தேன்.

வந்தது.

மைக்செட் தேவைப்படவில்லை. பெரியவர் கையில் தாம்பாளம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"எல போடறதுக்கு முன்னாடியே ஏப்பமா?" பொண்ணோட அத்தை முகம் சுண்டிப்போனது. "எங்க வூட்டு சாப்பாடு அவ்ளோ எளப்பமா பூடுச்சா?"

முருகன் முகத்தைப் பார்த்தேன். இந்த இடமும் போகப்போகிறது. இருக்கிற கூச்சத்தையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"அப்டியில்லீங்க! காலைல ஆசிட்டுக்காகக் குடிச்சேன், அதான்..."

"ஐயையோ! ஆசிட் குடிச்சிட்டாங்க!"

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பையன் கல்யாணம் பிடிக்காமல் ஆசிட் குடித்த மாமியார் ஆகிவிட்டேன். தூக்கி வேனில் போட்டார்கள். "புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா!" என்று முருகன் அழுகிறான். "சோடாடா, சோடா!" என்று நான் கத்தினால், "சோடா கேக்குறாங்க, யாராச்சும் ஓடிப்போய் வாங்கியாங்கப்பா!" என்கிறார் சம்பந்தி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எவ்ளோம்மா குடிச்சீங்க?"

"ரெண்டு டம்ளர். ஆப்ப சோடாங்க."

சிரித்துவிட்டு உடனே அதட்டினார். "அந்த சோதனய நம்பவே கூடாது. அளவு மீறுனா ஆபத்து. வயித்துக்கு என்னதான் பண்ணுது, சொல்லுங்க."

இதற்கு மேல் போக என்ன மானம் இருக்கிறது? ஏப்பத்தில் ஆரம்பித்து, நாக்கு எரிச்சல், கால் மரத்துப்போவது, தினமும் போடுகிற மாத்திரை வரைக்கும் கொட்டிவிட்டேன்.

"வயசானா ஆசிட் கொறயலாம். நீங்க போடுற மாத்திரயும் அதத்தான் கொறைக்குது. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்" என்றார்.

எடுத்த பிறகு தெரிந்தது. ஆசிட் கம்மிதான். அதனால் ரத்தத்தில் பி12 சத்தும் கம்மி. அதற்கு ஊசி போட்டார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடச் சொன்னார்கள். பிடிவாதமாகச் செய்தேன்.

நிச்சயம் என்ன ஆனது என்கிறீர்களா? குடித்தது வெறும் ஆப்ப சோடாதான் என்று டாக்டரம்மா அன்றைக்கே சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். பெரியவர் பதற்றத்தில் தாம்பாளத்தோடு வேனில் ஏறியிருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே, "இப்பவாச்சும் சொல்லும்மா" என்றார். "சம்மதம்!" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள். அங்கேயே தட்டு மாற்றினோம்.

இப்போது மருமகள் ஆக்கும் கறிக்குழம்பு நன்றாகவே செரிக்கிறது. எப்போதாவது தப்பித்தவறி ஒரு ஏப்பம் வந்தால் போதும், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்:

"எல்லாரும் கேட்டுக்கோங்க, அத்தைக்குச் சம்மதமாம்!"