பன்னிரண்டு யூ

1984 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோச்சடையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறி அச்சடித்த தாளில் முதல் எழுத்து யூ என்று இருந்தது.

விஸ்வேஸ்வரன் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். அங்கேயும் யூதான். மரபணுவுக்கு ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்து. மரபணுவை எழுப்பி, அடக்கி வைக்கும் சுவிட்ச் அந்த எழுத்துக் கூட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடும் புரோகிராம் அவனுடையது. ஐந்து வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் டாக்டர் பட்டம்.

"விஸ்வம், டி.என்.ஏ.வில யூ கிடையாதே," என்றார் அவனுடைய வழிகாட்டி விஜயம்.

"ஆமாம் மேடம்."

"அப்போ இது ஏது? உன் புரோகிராம் சொந்தமா எழுத ஆரம்பிச்சுடுத்தா?"

எழுத்துகளை அட்டையில் துளைகளாக அடித்துத் தரும் சீனியம்மாளிடம் ஓடினான். மிசினில் ரிப்பன் தேய்ந்து மாதக்கணக்காயிற்று. அட்டையில் துளைதான் இருந்தது, எழுத்து இல்லை.

"தாள்ல இருந்ததெல்லாம் அடிச்சீங்களாம்மா?"

"ஒரு எழுத்து விடல சார். வேணும்னா எண்ணிப் பாருங்க."

எக்ஸ்ரே பிலிமைப் பார்த்து அந்த எழுத்துகளைக் குறித்துக் கொடுத்த நண்பன் நல்லகாமன் ஒரு வழி சொன்னான்.

"அம்புட்டையும் ஒரே அட்டைக் கட்டா அடிச்சா கோளாறு எங்கன்னு எப்படி மாப்ள தெரியும்? மொத்தம் பன்னெண்டு தாளு. தாளுக்கு ஒரு கட்டா அடிக்கச் சொல்லு. யூ வார கட்டப் பிடிச்சிரலாம்."

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு கட்டிலும் முதல் எழுத்தாக யூ வந்தது.

"குட்டி போட்டிருக்கு," என்றான் நல்லகாமன்.

"மேடத்துக்கிட்ட என்னடா சொல்றது?"

"தாயும் சேயும் நலம்னு சொல்லு."

ஆர்.என்.ஏ.வில் டிக்குப் பதில் யூ வரும் என்பதால் புதன்கிழமை, யூவை டி என்று படிக்கும்படி புரோகிராமை மாற்றினான். கட்டுக்கு ஓர் எழுத்து கூடி, மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய எழுத்துகள் இடம் தள்ளிப்போயின. சுவிட்ச் மரபணுவின் நடுவயிற்றில் போய் உட்கார்ந்தது.

"யூ வந்தா தூக்கிருன்னு ஒரு வரி எழுதேன் மாப்ள."

"தேர்வாளர் அந்த வரியைப் பார்த்துட்டு, யூ ஏன் வந்ததுன்னு கேட்டா?"

வியாழக்கிழமை வேறு வரி எழுதினான். கட்டின் முதல் எழுத்து, அது எதுவானாலும், தலைப்பு, தள்ளிவிடு. ஓட்டினான். சுவிட்ச் அதன் இடத்தில் இருந்தது. யூ ஏன் வந்தது என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. அன்று நாலு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் தன் பையிலிருந்து வேறொரு மரபணுவின் பன்னிரண்டு தாள்களை எடுத்தார். "இதை ஓட்டுங்க. சுவிட்ச் எங்கேன்னு எனக்குத் தெரியும்."

உடனே தாளுக்கு ஒரு கட்டாக அட்டை அடித்து வந்தது. புரோகிராம் ஓடியது. யூ இல்லை. சுவிட்சும் இல்லை. தேர்வாளர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு எழுத்து குறைந்தது.

"திங்கக்கிழமை எழுத்தைக் கூட்டித்து," என்றார் விஜயம் மெதுவாக. "இன்னிக்குத் தின்னுடுத்து."

பட்டம் ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்ட சீனியம்மாள் மிசினை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமை நான் லீவுல சார், அடிச்சது சூசையண்ணே, அவரு வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, மிசின்ல 'உ' இல்லாட்டி யூவ வச்சாவது பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஒவ்வொரு கட்டையும் ஆரம்பிக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"