மீன் எனக்குத்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து இன்றுவரை மீன் என் வாய்க்குள் போனதில்லை. அப்படிப்பட்ட நான், சஹஸ்ரநாமம் சொல்ல வந்திருந்த அத்தனை மாதுங்கா மாமிகளுக்கும் முன்னால் நின்று, "மீன் எனக்குத்தான்" என்று அடித்துச் சொன்னேன். எதற்காக? ஒரு பூனைக்காக. (சிரிக்காதீர்கள். அந்தப் பூனையை நீங்கள் பார்த்ததில்லை.)

பூனையின் பெயர் சேட்ஜி. என் மனைவி மீராவின் அப்பா செம்பூரில் வளர்த்தது. தொப்பையும், சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் முறைக்கிற முறைப்புமாக ஜவுளிக்கடை முதலாளி மாதிரி இருக்கிறதென்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். அவர் காலமான பிறகு, அவருடைய கட்டிலுக்கு அடியிலிருந்து அது வெளியே வரவே மறுத்தது. மீரா உள்ளே தவழ்ந்து போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா வீட்டிலேர்ந்து எனக்கு இது போதும்" என்றாள். சொன்னது போலவே வேறெதுவும் வரவும் இல்லை.

நாங்கள் குடியிருந்தது விசாலம் மாமி வீட்டு மாடியில். மாமிக்குப் பூர்வீகம் பாலக்காடு. மாடியில் பூண்டு உரித்தால் கீழே அவருக்குத் தலைவலி வரும். பூனையைப் பார்த்ததும், "இது என்னடா சாப்பிடும்?" என்று கேட்டார்.

"பிஸ்கட் மாமி. சுத்த சைவம்" என்றேன். (கடையில் விற்கும் பூனைத் தீனி பார்க்க பிஸ்கட் மாதிரிதானே இருக்கிறது!)

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா மீனு கீனுன்னு ஏதாவது இந்தப் படியேறித்துன்னா, பூனை அன்னிக்கே வெளியில. கேட்டியா?"

கேட்டேன். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு எங்கள் டிராவல்ஸ் ஆபீஸை முதலாளி இழுத்து மூடினார். வேலை போன விஷயம் மாமிக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால் தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பி, சயானிலும் தாதரிலும் வேலை கேட்டு அலைந்தேன்.

வீட்டுச் செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது சேட்ஜியின் பிஸ்கட்தான் முதலில் போனது. தயிர்சாதம் வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. நெய் ஊற்றிப் பருப்புசாதம் வைத்தோம். நெய்யை மட்டும் நக்கிவிட்டுப் போய்விட்டது. தொப்பை வற்ற ஆரம்பித்தது. "யாராவது வசதியானவா ஆத்துல குடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டு மீரா சமையலறைக்குள் போனாள். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மிக்ஸியில் ஒன்றும் இல்லை. அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று வெறும் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாளே சயான் மார்க்கெட்டில் மீன் விற்கிற அந்தோணியம்மா அக்காவின் முன்னால் போய் நின்றேன். தாராவிக்காரர், பேச்சில் இன்னும் தூத்துக்குடி வாடை போகவில்லை.

"தலை, வால் எல்லாம் கழிச்சுப் போடுவீங்களே, அது கிடைக்குமா? பூனைக்கு" என்றேன்.

"நெத்தியில விபூதி வச்சுக்கிட்டு வாரவிய எல்லாரும் பூனைக்குன்னுதான் கேக்காவ" என்று சிரித்தார். "வெக்கப்படாதிய. கொண்டாங்க டப்பாவ."

ஆபீஸ் டப்பாவில் மீன் தலை இப்படித்தான் வந்து சேர்ந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்து, சேட்ஜிக்குப் பரிமாறினேன். தொப்பை திரும்பி வந்தது. மாடியிலிருந்து தினமும் ஊதுபத்தி மணம் வருவதைக் கண்டு, "சந்துருவுக்கு பக்தி முத்திண்டு வரது" என்று மாமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மாமி வீட்டில் சஹஸ்ரநாமம். கூடம் நிறைய மாமிகள். நான் பூனை மாதிரி சத்தமில்லாமல் படியேறப் போனேன்.

"சந்துரு! நில்லு, சர்க்கரைப் பொங்கல் வாங்கிண்டு போ. டப்பா காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மாமி என் பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டார். "வேண்டாம் மாமி, கழுவலை மாமி" என்று நான் அலறியது எடுபடவில்லை. ஆபீஸிலிருந்து வருகிறவன் டப்பாவில் பிரசாதம் போட்டு அனுப்பாவிட்டால் மாமிக்கு அன்று தூக்கம் வராது.

திறந்தார். உள்ளேயிருந்து நாலைந்து மத்தித் தலைகள் மாமியை அண்ணாந்து பார்த்தன.

கூடத்திலிருந்த ஒரு மாமி மெதுவாக மேல்மாடியை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பூனைக்கா?" என்றார்.

எனக்குக் கண்முன்னால் வெறும் மிக்ஸி ஓடியது. வாய் தானாகத் திறந்தது. "இல்லை மாமி. மீன் எனக்குத்தான்."

"உனக்கா?"

"டாக்டர் சொல்லியிருக்கார். கண்ணுக்கு நல்லதாம்."

"தலையையா?"

"கண்ணு தலையிலதானே மாமி இருக்கு!" (இப்படி ஒரு பதிலை நான் எந்த இன்டர்வியூவிலாவது சொல்லியிருந்தால் அங்கேயே வெளியே அனுப்பியிருப்பார்கள்.)

மைக் ரிப்பேர் செய்ய வந்திருந்த நாயர் சார் ஒருவருக்குத்தான் ஆனந்தம். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். "எந்தா மோனே, நீ நம்ம ஆளா! பச்சையாத் தின்னக்கூடாது கேட்டோ. நான் பொரிச்சது இருக்கு" என்று ஓடிப்போய், ஒரு தட்டு நிறைய மத்தி வறுவலோடு திரும்பி வந்தார்.

மாமி தீர்ப்புச் சொன்னார். "மருந்துன்னா மருந்துதான். வாசல்ல உக்காந்து சாப்பிடு. நான் பாக்கணும்."

வாசல்படியில் உட்கார்ந்தேன். பின்னால் மாமிகள், முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நாயர் சார். ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அப்போது மாடியிலிருந்து தடதடவென்று சேட்ஜி இறங்கி வந்தது. என் மடியில் ஏறி, கையிலிருந்த வறுவலைப் பிடுங்கி, என் இஸ்திரி சட்டைமேலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தது. சைவப் பூனையின் யோக்கியதை ஊரறிய வெளிப்பட்டுவிட்டது.

பின்னாலேயே ஓடி வந்த மீரா, என் முகத்தையும் தட்டையும் பார்த்தாள். பார்த்தவள் அழுதுவிட்டாள். வேலை போனது, பிஸ்கட் நின்றது, மீன் வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "பூனையை மட்டும் அனுப்பச் சொல்லாதீங்கோ மாமி. அப்பா கையால வளர்ந்தது" என்றாள்.

மாமி என் பக்கம் திரும்பினார். "ஏண்டா அசடே, எங்காத்துல கூட்டமாப் பூனை வளர்ந்துது. சைவப் பூனைன்னு நீ சொன்னதை நான் நம்பினேன்னா நெனச்சே? மீன் வரலைன்னு நீ நடிச்சே, தெரியலைன்னு நான் நடிச்சேன். ஆனா வேலை போனது நெஜமாவே தெரியாதுடா. அதைச் சொல்லாம தினம் வெறும் டப்பாவைத் தூக்கிண்டு அலைஞ்சியே, அதுக்குத்தான் எனக்குக் கோபம்."

"வாடகை..." என்று இழுத்தேன்.

"வேலை கெடைக்கட்டும், பேசிக்கலாம். மீன் படியேறக் கூடாதுன்னுதானே சொன்னேன்? பூனை படியிறங்கலாமோல்லியோ?"

அதுவே சட்டமானது. அந்தோணியம்மா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "பூனைக்குன்னு நெசமாவே வாங்குன மொத ஆளு நீங்கதான்யா! ஒமக்கு வேல கெடைக்குத வரைக்கும் அது சாப்பாடு எம் பொறுப்பு" என்றவர், அதன் பிறகு தலையும் வாலும் மட்டும் அல்ல, நடுத்துண்டும் சேர்த்தே போட்டார். நாயர் சார் உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்து வைப்பார். சேட்ஜி இறங்கிப் போய் அவர் வராந்தாவில் சாப்பிட்டுவிட்டு வரும். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அது இறங்க மறுத்தபோது, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, டப்பாவைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி படியேறி வந்தது யார் தெரியுமா? விசாலம் மாமி. "இது மீனில்லை, மருந்து" என்பார்.

எனக்கு வேறு வேலை கிடைத்தது. சேட்ஜி அதற்குப் பிறகும் சில வருடம் தொப்பையோடு வாழ்ந்து, மீராவின் மடியிலேயே கண்ணை மூடியது. அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் அது எந்த வீட்டு வாசலில் கிடந்திருக்குமோ. நினைத்தால் இன்றைக்கும் கைகூப்பத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது காப்பாற்றப் பொய் சொன்னால், "மீன் எனக்குத்தானா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன வாரம் மாமியைப் பார்க்கப் போயிருந்தோம். இப்போது அவருக்குச் சர்க்கரை. புனேயிலிருந்து வந்திருந்த மகன் மாமியின் தலையணை உறையை மாற்றப் போய், அடியிலிருந்து ஒரு மைசூர்பாகு டப்பாவை வெளியே எடுத்தார். பாதி காலி.

"அம்மா, இது யாருது?"

மாமி என்னைப் பார்த்தார். மீராவும் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத்தான்" என்றேன்.