பிஸ்கட் நிறச் சாக்கடை

எங்கள் வீட்டுக்கும் நாட்டின் முன்னேற்றத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. வருடம் முழுவதும் அது நிற்கும். மழைக்காலத்தில் மட்டும் எழுந்து நடந்து எங்கள் வீட்டுக்குள் வரும்.

வீட்டு வாசலில்தான் என் பஞ்சர் கடை. காற்றடிக்கும் கம்ப்ரெசர் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, தொங்கும் டயர்கள் சில. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். கம்ப்ரெசர் முழுகினால் மோட்டார் போய்விடும். ஏற்கெனவே இரண்டு மோட்டார் போய்ச் சேர்ந்துவிட்டன. இதுவும் போனால் கடையைச் சாத்திவிட்டு, கப்பலில் எண்ணெய் துடைக்கும் என் மகன் அனுப்புவதைத் தின்றுகொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்கு நான் தயாரில்லை. ஆகவே மழைக்கு முன் சாக்கடையைத் தூர் வாரும்படி, எங்கள் சான் ருபினோ பரங்காயின், அதாவது ஊராட்சியின், தலைவர் மாண்புமிகு கப்பித்தான் புளோரோ அவர்களிடம் முறையிட்டேன்.

கப்பித்தான் உடனடி நடவடிக்கை எடுப்பவர். மறுநாளே சாக்கடையோரம் ஒரு பேனர் கட்டினார். "இவ்விடத்தில் சாக்கடைப் பணி விரைவில் துவங்கவுள்ளது. இது உங்கள் கப்பித்தான் புளோரோவின் திட்டம்." அதில் அவர் ஆளுயரத்துக்கு நின்று கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். அடுத்த வருடம் மறுபடி முறையிட்டேன். பழைய பேனரை அவிழ்த்துவிட்டுப் புதிய பேனர் கட்டினார். அதில் இன்னும் நன்றாகச் சிரித்தார்.

எங்கள் ஊரில் பேருந்து நிழற்குடை, பள்ளிக்கூட நாற்காலி, இழவு வீட்டுக்கு இரவல் தரும் கூடாரம் எல்லாவற்றிலும் அவர் முகம் உண்டு. செத்தவர் முகத்தைப் பார்க்க வருகிறவர் முதலில் கப்பித்தான் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செத்தவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மருமகள் லிசெல் எழுத்தாளர் ஆனாள். 'நிதானமான அம்மா' என்று வலைப்பூ தொடங்கி, பிள்ளையோடு சந்தைக்குப் போவது, துணி துவைப்பது, சோறு ஊட்டுவது பற்றியெல்லாம் எழுதினாள். நிதானம் என்பதில் பொய்யே இல்லை. 'அவசரமில்லாமல் சந்தை' என்று எழுத அவள் சந்தைக்குப் போனால் மத்தியானச் சோறு சாயங்காலம்தான். பால்மீனைத் தட்டில் வைத்து, தட்டை மாற்றி, ஜன்னலை மாற்றி, மீன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவள் தீர்மானிப்பதற்குள், மீன் தன் கருத்தை வீடு முழுக்கத் தெரிவித்துவிடும்.

அவள் பக்கத்தில் வரும் படங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். இப்போது உலகத்து அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தானாம். பெய்ஜ் என்றாள். நான் பார்த்தவரையில் அது காபியில் முக்கிய பிஸ்கட்டின் நிறம். திரைச்சீலை, துண்டு, என் பேத்தியின் கரடி பொம்மை எல்லாம் பிஸ்கட் ஆயின. நான் சிவப்புப் பனியன் போடுகிறவன் என்பதால் குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டேன். அவள் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்கு, அவளுக்கு ஒரு மாமனார் இருப்பதே தெரியாது. இந்தச் சேவையைப் பாராட்டி ஒரு சோப்புக் கம்பெனி அவளுக்குத் தூள் அனுப்பியது. எங்கள் வீட்டில் துணியைவிடச் சோப்பு அதிகம்.

ஜூலை மாதம் பள்ளிக்கூடங்களில் சத்துணவு விழா. பிள்ளைகள் காய்கறி வேஷம் போட்டுப் போக வேண்டும். என் பேத்தி ஜோய்லின் தன் முடிவைச் சொன்னாள்.

"அம்மா, நான் பூசணிக்காய்!"

"பூசணி ஆரஞ்சு கலர், கண்ணு. பூண்டா போறியா?"

"பூண்டு காய்கறியா?"

"டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"பச்சப்புள்ள ஆசைப்படுது. பூசணியாவே போகட்டுமேம்மா" என்றேன்.

"மாமா, நீங்க பஞ்சர் ஒட்டுறப்ப எந்த ரப்பரை வைக்கணும்னு நான் வந்து சொல்றேனா?"

ஆக, ஜோய்லின் பூண்டாகப் போனாள். முந்தின இரவு மழை. தலையில் கொண்டையும் உடம்பில் உப்பிய துணியுமாகக் குழந்தை சாக்கடையைத் தாண்டிய நொடியில் லிசெல் படம் எடுத்தாள். 'தடைகளைத் தாண்டும் பிஞ்சுக் கால்கள்' என்று தலைப்பிட்டுப் போட்டாள். நாடு முழுக்க அம்மாக்கள் கண் கலங்கினார்கள். வேஷம், சுவர், வானம் எல்லாம் ஒரே நிறம். சாக்கடைத் தண்ணீரும் அதே நிறம் என்பதை அன்றுதான் நானும் கவனித்தேன்.

மறுநாள் காலை கப்பித்தான் இரண்டு காவலர்களோடு வந்து இறங்கினார். சாக்கடைக்கு வழி பிறந்துவிட்டது என்று நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் லிசெலிடம் போனை நீட்டினார்.

"இது என்னம்மா இது?"

"உங்க கட்டைவிரல், கப்பித்தான்."

"அது எனக்குத் தெரியாதா? மிச்ச ஆள் எங்கே? லட்சம் பேர் பார்த்த படத்துல என் கட்டைவிரல் மட்டும் நிக்குது!"

"உங்க பேனர் மஞ்சளும் பச்சையுமா இருக்கு. என் பக்கத்துக்கு ஒத்துவராது. அதான் வெட்டிட்டேன்."

"மூஞ்சியுமா ஒத்துவரல?"

லிசெல் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூஞ்சி பரவால்ல. சட்டைதான்."

"சாக்கடை…" என்று நான் தொடங்கினேன். இரண்டு பேரும் திரும்பி, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் பார்த்தார்கள்.

அந்த வாரமே பரங்காய் மன்றம் அவசரமாகக் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. "பொதுமக்களின் மன அமைதியையும் புகைப்பட நலனையும் முன்னிட்டு, சான் ருபினோவின் பொதுச் சொத்துக்கள் யாவும் இனி ஒரே சீரான இள நிறத்தில் பராமரிக்கப்படும்." நிழற்குடை பிஸ்கட் ஆனது. கூடைப்பந்து வளையம் பிஸ்கட் ஆனது. ரோந்து போகும் மூன்று சக்கர ட்ரைசைக்கிளுக்கும் அதே வர்ணம் அடித்தார்கள். அது மண் சாலையில் நின்றால் இருப்பதே தெரியாமல் போய், பின்னால் வந்த தண்ணீர் வண்டி அதன்மேல் மோதியது. கப்பித்தான் பிஸ்கட் நிறச் சட்டையில் புதிய பேனர்கள் கட்டினார். சட்டை மாறிவிட்டதால் லிசெல் அவரை முழுசாகப் படத்தில் விட்டாள். வெயில் பட்டதும் சட்டையும் சுவரும் ஒன்றாகிப் பல் மட்டும் தெரிந்தது. அவருக்கு அதுவே திருப்தி.

இப்படியே நிறம் பரவிக்கொண்டு வந்ததில் ஒருநாள் சாக்கடையின் முறையும் வந்தது. சிமெண்ட் மூட்டைகளோடு பரங்காய் என்ஜினியர் வந்து நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மண்ணை எப்ப அள்ளப் போறீங்க சார்?" என்றேன்.

"அள்ளுறதுக்கு ஒதுக்கீடு இல்ல பெரியவரே. மூடுறதுக்குத்தான் இருக்கு."

"உள்ள அடைச்சிருக்கிறது அப்படியே கிடக்குமா?"

"மூடினப்பறம் யாருக்குத் தெரியும்?"

"சரி, மேல விழற தண்ணி உள்ள போக ஓட்டை?"

"ஓட்டை வெச்சா படத்துல கறுப்புக் கறுப்பா விழும்னு கப்பித்தான் சொல்றார்."

உள்ளே ஓடி லிசெலைக் கூட்டி வந்தேன். அவளும் பிள்ளை வைத்திருக்கிறவள்தானே. "ஓட்டை கட்டாயம் வேணும் சார்" என்றாள். "சின்னதா, மூடி போட்டு வைங்களேன். அழகாவே இருக்கும்."

அவள் பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பு இருந்தது. ஓட்டை வைத்தார்கள். ஓட்டைக்கு மூடி வைத்தார்கள். மூடியை யாராவது திருடி இரும்புக்குப் போட்டுவிடக் கூடும் என்பதால், அதையும் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. வெட்ட வேண்டிய ரிப்பனும் பிஸ்கட் நிறம், பின்னால் தளமும் பிஸ்கட் நிறம். ரிப்பன் எங்கே என்று தேடிக்கொண்டே வந்த கப்பித்தான் அதில் கால் தடுக்கி, கத்தரிக்கோலோடு பாதிரியார்மேல் சாய்ந்தார். தீர்த்தம் தெளிக்க வந்தவர் தனக்கே தெளித்துக்கொண்டார்.

தளம் சாலையைவிட ஒரு முழம் உயரம். அகலமாக, சமமாக, நிழலோடு நீண்டு கிடந்தது. அங்கே நின்று படம் எடுக்க வெளியூரிலிருந்து அம்மாக்கள் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் செலிங் அதன்மேல் மேசை போட்டுப் பால் அதிகம் ஊற்றிய காபி விற்றாள். முடிவெட்டுகிறவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சீட்டாடுகிறவர்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். நான் மட்டும் இளித்தவாயனா? கம்ப்ரெசரைத் தூக்கித் தளத்தின்மேல் வைத்தேன். டயர்களை மாட்ட ஒரு கம்பமும் நட்டேன். என் கடை இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை வருடம் அலுவலகப் படி ஏறியதற்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு புயல் மழை வந்தது.

முன்பெல்லாம் மழைத் தண்ணீர் சாக்கடையில் விழும், சாக்கடை நிரம்பும், அதன் பிறகுதான் வீட்டுக்கு வரும். இப்போது அந்தச் சுற்றுவழி இல்லை. தளத்தைத் தாண்டி நேராக வந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் தளம் அணைபோல் மறித்து நின்றது. ஜோய்லினைச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்துவிட்டு லிசெல் மெத்தையைத் தூக்கப் போனாள். அது ஊறி எருமைக் கனம் கனத்தது. சோப்புத்தூள் பெட்டிகள் எல்லாம் கரைந்து, வீடு முழுக்க இடுப்பளவு நுரை.

கம்ப்ரெசருக்குக் கால் மட்டும்தான் நனைந்தது.

தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தெரு முழுக்க இதே கதை. ஜனங்கள் ஈரத் துணியோடு பரங்காய் அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். செலிங்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"கப்பித்தான், வெளிய வாய்யா! உன் சிரிச்ச மூஞ்சிய வெச்சு என் அரிசியக் காய வெக்க முடியுமா?"

"என் கட்டில் அடுத்த தெருவுல கிடக்குய்யா!" என்று முடிவெட்டுகிறவன் கத்தினான்.

நானும் கத்தினேன். எனக்கு அதில் பழக்கம் அதிகம்.

கப்பித்தான் வெளியே வந்து, எல்லோரும் அடங்கும்வரை நின்றார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "மக்கள் சொல்றதுதான் எனக்குச் சட்டம். தளத்தை உடைச்சு, தூர் வாரி, மறுபடி திறந்த சாக்கடையா விடணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"உடைக்கிறதுன்னா… முழுசாவா?" என்றாள் செலிங்.

"முழுசாத்தான்."

"அப்ப என் மேசைங்க?"

"சாக்கடைமேல மேசை எப்படிம்மா நிக்கும்?"

செலிங் யோசித்தாள். "வெயில் வந்தா அரிசி தானா காய்ஞ்சுடும்" என்றாள்.

முடிவெட்டுகிறவன் தன் கட்டில் கிடக்கும் தெருவைப் பார்த்தான். சீட்டாடுகிறவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் மேலே எழுந்தது. லிசெலின் கை. இடுப்பில் ஜோய்லின் இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீ படம் புடிச்சதாலதானடி இவ்வளவும் வந்துச்சு!" என்றாள் செலிங்.

"ஆமாக்கா, நான்தான் படம் புடிச்சேன். இப்ப நான்தான் உடைக்கச் சொல்றேன். நீங்க மேசையை எடுங்க."

"எனக்கு வயித்துக்கு நீ போடுவியா?"

லிசெல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா?"

வருடக்கணக்காக அந்தச் சாக்கடைக்காக அலைந்தவன் நான் ஒருவன்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வலது கையில், கடையிலிருந்து அப்படியே எடுத்து வந்த ஒரு டயர் இருந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். ட்ரைசைக்கிள் டயர்தான். கனமில்லை.

"ஒரு குழந்தையின் தாயார் நீங்கலாக, ஒருமனதாக" தளம் காப்பாற்றப்பட்டதாகத் தீர்மானம் எழுதப்பட்டது. கப்பித்தான் வந்து என் தோளில் தட்டி, "நீங்கதான் அண்ணே உண்மையான பொதுநலவாதி" என்றார். இத்தனை வருடத்தில் அலுவலகம் என்னை மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

லிசெல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றே புதிதாக ஒன்று எழுதிப் போட்டாள். படம் இல்லை, நிறம் இல்லை. குழந்தை உள்ள வீட்டில் வெள்ளத்துக்கு முன் கட்டிலை எப்படிச் செங்கல் வைத்து உயர்த்துவது, மருந்தை எங்கே கட்டித் தொங்கவிடுவது, எந்தத் துணியை முதலில் எடுப்பது என்று நேராக எழுதியிருந்தாள். எங்கள் தெருவில் எல்லோரும் அதைப் படித்தார்கள். செலிங் காபி ஆற்றிக்கொண்டே மேசைக்கு மேசை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

கீழே கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் லிசெல் அன்றன்றே பதில் போட்டாள். செங்கல்லுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று கேட்ட கப்பித்தானுக்குக்கூட ஒரு வரி எழுதினாள்.

நானும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு கேள்வி போட்டேன். அடுத்த மழைக்குக் கம்ப்ரெசருக்கு எத்தனை செங்கல் வைக்க வேண்டும் என்று.

அடுத்த அறையில்தான் இருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.