கூலருக்காக ஊமையான லயம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்ன விசிறியின் சத்தத்தை அளக்கப் புறப்பட்ட அறிவாளி நான்.

ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை கேட்டுப் போயிருந்தேன். முதலாளி ஒரு கூலரைக் கையில் கொடுத்தார். (ப்ராசசர் கொதித்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும் விசிறி.) அது எவ்வளவு குளிராக்குகிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது என்று சோதித்து வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். சரியாக இருந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போகவேண்டியதுதான். அம்மா அதற்குள்ளேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தார்.

சூட்டுச் சோதனை சுலபமாக முடிந்தது. ப்ராசசரை முழு மூச்சில் ஓடவிட்டும் சூடு ஏறவே இல்லை. கூலரைப் புகழ்ந்து தள்ளினேன். (எங்கள் லிந்துலைக் குளிருக்கு அந்த ப்ராசசர் கம்பளிதான் கேட்டிருக்கும். அது அப்போது என் மரமண்டைக்கு எட்டவில்லை.)

சத்தச் சோதனையில்தான் வினை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்தின் எல்லா டிவியும் அலறிக்கொண்டிருந்தன. கூலர் ஓடினாலும் நின்றாலும் ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒரே மாதிரிதான் காட்டியது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். பையனுக்கு வேலை என்றதும் மறுபேச்சு இல்லை. டிவியை நிறுத்தினார்கள், கோழிகளைக்கூடக் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்க எங்கள் வாசலுக்கே வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். மிச்சம் இருந்தது அப்பாவின் இருமல். அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையோடு கால் கம்பளியால் மூடி, அசையவே கூடாது என்று சொல்லிவிட்டு வீடியோவைத் தொடங்கினேன்.

எங்கள் தோட்டத்தில் கரண்ட் இருக்கும்போதே ஒரு லயத்து டிவிகள் எல்லாம் ஒன்றாக நிற்பது ஒரே காரணத்துக்காகத்தான். சாவு.

அந்த அமைதி கீழ் லயத்து அத்தையின் காதில் உடனே பட்டிருக்கிறது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கச்சி. தன் மகள் சடங்குக்கு நேரில் வந்து அழைக்காமல் ஃபோனில் சொல்லிவிட்டார் என்று அப்பாவுக்குக் கோபம். சொல்லியும் வரவில்லையே என்று அத்தைக்குக் கோபம். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தவர் வாசலில் ஊமையாக நின்ற கூட்டத்தையும், கட்டிலில் மூடிக்கிடந்த அண்ணனையும் பார்த்தார். நான் வேறு வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

“என் கூடப்பொறந்த அண்ணே... சடங்குக்கு நேர்ல வந்து கூப்புடாத பாவி நாந்தானே...”

ஆப்பின் முள் எகிறிக் குதித்தது. நான் கையைக் கையை ஆட்டியதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று கெஞ்சியவனே நான்தானே.

கம்பளிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, தங்கச்சி.”

அத்தையின் அழுகை அப்படியே நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்தார். அத்தை முதலில் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், பிறகு அவரைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வேலை போயிற்றே என்றுதான் கலங்கியது என்று வெகுநாள் சாதித்திருக்கிறேன்.

திரும்ப எடுக்க எவனுக்குத் தைரியம்? அதையே அனுப்பித் தொலைத்தேன். முதலாளி ஃபோன் பண்ணினார். “அந்தம்மா அழுகய நிறுத்துன நேரம் கூலர் ஓடுதான்னே தெரியல தம்பி. நல்ல கூலர்தான். திங்கக்கிழம வந்துருங்க.”

இப்போதும் கரண்ட் போய் லயம் அடங்கினால், கீழ் லயத்திலிருந்து அத்தையின் குரல் கேட்கும். “அண்ணே, கூலரா?”

“கூலர்தான், போயி வேலயப் பாரு” என்று அப்பா சத்தம் போடுவார். சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பார். அன்றைக்கெல்லாம் அம்மா தேத்தண்ணிக்கு இன்னொரு கோப்பையை எடுத்து வைத்துவிடுவார்.