ஒருவருக்காகப் பதினொருவர்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி நடந்த ஒரே காரியம், ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் ‘தன்பால் ஈர்ப்பாளர் நலக்குழு’ உதயமானதுதான்.

குழுவுக்கு உறுப்பினர் பதினொருவர். பதினொருவரும் மணமானவர்கள், மனைவியின் படத்தைக் கைப்பேசித் திரையில் வைத்திருக்கும் உத்தமர்கள். கல்லூரிக்குத் தெரிந்த தன்பால் ஈர்ப்பாளரோ ஒரே ஒருவர்: மண்ணியல் ஆசிரியர். அவருக்குக் குழுவில் இடமில்லை. ‘சொந்த நலன்’ குறுக்கிடும் என்று விதி சொன்னது. விதியை எழுதியவர் முதல்வர்.

மண்ணியல் ஆசிரியரைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொண்டதில்லை. “கல்யாணச் சாப்பாடு எப்ப சார்?” என்று திங்கள்தோறும் தவறாமல் விசாரிப்பார் வணிகவியல் ஆசிரியர். சிரிப்பொலி அடங்கிய பிறகுதான் ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்றுவார்கள். ஆற்றுப் படிவுகளைப் பற்றிப் பதினான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் மண்ணியல் ஆசிரியர். இணைப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் ‘சக ஆசிரியர்களோடு கலந்து பழகுவதில்லை’ என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. மூன்று முறைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. இப்போது போட்டிருப்பது மூன்றாவது.

அந்த நேரம் பார்த்துத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. அதன் படிவத்தில் ஏழாம் கட்டம், பாலியல் சிறுபான்மையினருக்குக் கல்லூரி செய்தது என்ன என்று கேட்டது. முதல்வர் அன்றே நலக்குழுவை அமைத்து, மண்ணியல் ஆசிரியருக்கு ஆளனுப்பினார்.

“உட்காருங்க சார். உங்களைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுது. ரொம்ப சந்தோஷம்.”

“என்ன விஷயம் சார்?”

“அதான் சார்... நீங்க ஏழாம் கட்டம்னு.”

“இத்தனை வருஷம் தெரியாதா சார்?”

“தெரியும். அப்ப அதுக்கு மார்க் இல்லையே.”

பக்கத்தில் வணிகவியல் ஆசிரியர் நின்றிருந்தார். அவர்தான் நலக்குழுவின் அமைப்பாளர். “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். மேடையில வந்து நில்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

“என் பதவி உயர்வு?”

“கோப்பு என் மேசையிலதான் இருக்கு. வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்” என்றார் முதல்வர்.

மண்ணியல் ஆசிரியரோடு ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துபவர் மருந்துக்கடைக்காரர். கல்லாவில் உட்கார்ந்தபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“இருமல் மருந்து வாங்க வர்றவன்கூட பில் வாங்காம நகர மாட்டான். நீ ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கினியா?”

“முதல்வரே சொன்னாருடா.”

“வாயால சொன்னதை எந்த ஃபைல்ல போடுவே?”

ஆனால் மண்ணியல் ஆசிரியருக்கு மறைத்து மறைத்தே அலுத்துவிட்டது. பதவியும் வேண்டியிருந்தது. பத்திரிகையில் படம் வருமுன் அக்காவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். அக்கா மூன்று வாரம் பேசவில்லை.

மதிப்பீட்டு நாளன்று அவர் சட்டையில் ‘பன்மைத்துவம்’ என்று அட்டை குத்தி மேடையில் நிறுத்தினார்கள். வந்த குழுவின் தலைவி அவரைப் பார்த்து, “உங்க துறை என்ன?” என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதல்வர் முந்திக்கொண்டார். “கே மேடம்.”

“அது சரி. என்ன பாடம் எடுக்கறார்?”

பதினொருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அமைப்பாளர் கோப்பைப் புரட்டினார். படம் இருந்தது, ஒப்புதல் கடிதம் இருந்தது. பாடம் இல்லை.

ஏழாம் கட்டத்துக்கு முழு மதிப்பெண். கல்லூரிக்கு முதல் தரம். அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் புதிய இணைப் பேராசிரியரின் பெயர் வந்தது. வணிகவியல் ஆசிரியர்.

மண்ணியல் ஆசிரியர் நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

“புள்ளி போட்டுத்தான் சார் முடிவு பண்ணோம். நலக்குழு நடத்தினதுக்கு அவருக்கு சேவைப் புள்ளி முப்பது.”

“எனக்கு?”

“நீங்கதான் குழுவுலயே இல்லையே.”

“என்னை வச்சுத்தானே சார் குழுவே?”

முதல்வர் பொறுமையாக விளக்கினார். “சார், அவர் உங்களுக்காக ராப்பகலா உழைச்சாரு. நீங்க சும்மா இருந்தீங்க. இருக்கறது இயல்பு. இயல்புக்கு எப்படிப் புள்ளி போடறது?”

வணிகவியல் ஆசிரியருக்கு நடந்த பாராட்டு விழாவில் ‘பயனாளி’ என்ற முறையில் அவரையும் பேச அழைத்தார்கள். அவர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இங்க என்னை மாதிரி ஒருத்தனா இருந்தா மேல வர முடியாது. என்னை மாதிரி ஒருத்தனைத் தூக்கிக் காட்டினா வரலாம். சாருக்கு வாழ்த்துகள்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ‘பயனாளி மனம் நெகிழ்ந்து வாழ்த்தினார்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. குழுவில் இன்னும் பத்துப் பேர் பதவி உயர்வுக்குக் காத்திருந்ததால், மேலும் பத்துத் தன்பால் ஈர்ப்பாளர்களைக் கண்டுபிடிப்பது என ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. இதுவரை மறைந்திருந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம் என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போனது.

ஐந்து மணிவரை ஒருவரும் வரவில்லை. வெளியே வந்த ஒரே மனிதருக்கு நேர்ந்ததை எல்லாரும் பார்க்கக் காட்டி, மற்றவர்களை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ள வைத்த பெருமை முழுவதும் அந்தப் பதினொருவரையே சாரும்.